எத்தனாவது படி?

1

போன மாதம் மேரியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. மேரி என்றால் நகராட்சி. பாண்டிச்சேரியில் கடற்கரையோரம் இருக்கும் பெரிய கட்டடத்தையும் பழைய ஆட்கள் மேரி என்றுதான் சொல்வார்கள். ஊரில் இருந்தவரைக்கும் அந்தக் கட்டடத்துக்குள் போக எனக்கு வேலை வந்ததில்லை. இங்கே இருபத்து மூன்று வருஷமாக ஏதாவது ஒரு காகிதத்துக்காக மேரிக்கு நடக்கிறேன்.

வந்த காகிதம் நாலு பக்கம், வழவழப்பு. முன்பக்கத்தில் ஆற்றின் படம். பாரிசிலிருந்து ரயிலில் அரைமணி தூரத்தில் எங்கள் குடியிருப்பு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஆறு. ஆறு ஏறினால் என்ன செய்வது என்று உள்ளே படம் படமாகப் போட்டிருந்தார்கள். பையில் என்ன வைப்பது. மின்சாரத்தை எங்கே நிறுத்துவது. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது. காரை எடுக்கக் கீழே இறங்காதே. பக்கத்து வீட்டில் வயதானவர் இருந்தால் போய்க் கதவைத் தட்டு.

வேலைக்கு வேண்டிய அளவு பிரெஞ்சு பேசுவேன். படிப்பது எழுத்துக் கூட்டித்தான். இதைப் படிக்க எழுத்தே வேண்டாம், படம் போதும். கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தேன். மடித்தேன். சமையலறை இழுப்பறையில் மின்சார பில்லுக்கு அடியில் வைத்தேன்.

என் அக்கா அஞ்சலை செத்து அந்த வாரத்தோடு ஒரு வருஷம்.

2

எங்கள் ஊர் பாகூருக்குத் தெற்கே. வடக்கே ஏரி, தெற்கே தென்பெண்ணை, நடுவில் நாங்கள். தண்ணீர் எங்களுக்குப் புதிது இல்லை.

அப்பா கூலி ஆள். ஆனால் வீடு கட்டும்போது ஐந்து படி வைத்துக் கட்டினார். கருங்கல் படி. கூலிக்காரனுக்கு இவ்வளவு உயரம் எதற்கு என்று தெருவில் சிரித்தார்களாம். நான் மூன்றாவது படித்தபோது ஒரு பெருமழை வந்தது. தண்ணீர் எங்கள் வீட்டு மூன்றாம் படியைத் தொட்டு நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. மறுநாள் வடிந்தது. சிரித்தவர்கள் எல்லாம் அந்த இரவு எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து தெருவுக்கே அதுதான் அளவு. மழை என்றால் யாரும் எத்தனை அடித் தண்ணீர் என்று கேட்கமாட்டார்கள். அஞ்சலை வீட்டில் எத்தனாவது படி என்றுதான் கேட்பார்கள். துபாய்க்குப் போனவனும் சிங்கப்பூருக்குப் போனவனும் போனில் அதையேதான் கேட்பான். முதல் படி என்பார்கள். ரெண்டாம் படி என்பார்கள். மூணு தாண்டாது என்று கேட்டவன் சொல்வான். அதோடு பேச்சு மாறும். கேட்டவனுக்கும் சொன்னவனுக்கும் பயம் போய்விடும்.

நானும் இங்கிருந்து வருஷா வருஷம் அதையேதான் கேட்டேன்.

3

என் மனைவி செலின் வில்லியனூர்க்காரி. அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அவர்களுக்கு இந்த நாட்டு நேஷனாலிட்டி. அவளைக் கட்டியதால் நான் வந்தேன். அதற்கு முன்னால் மூலக்குளத்தில் கட்டட வேலை. இங்கே வந்ததும் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் தட்டு கழுவச் சேர்ந்தேன். இன்றைக்கும் அதே இடம்தான். இப்போது மெஷின் கழுவுகிறது, நான் அடுக்குகிறேன்.

ஒரே பெண். ரெஜினா. இருபத்திரண்டு வயது. வேறு ஊரில் ரூம் எடுத்துப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள். தமிழ் நன்றாகப் பேசுவாள். அக்காவோடு போனில் பேசிப் பேசி வந்த பாகூர்த் தமிழ். கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு.

பதினாறு வயதில் அவளுக்கு அந்தப் பேச்சு வந்தது. பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது, மழை மாறுகிறது. கறியை நிறுத்தினாள். செலின் கறிக்குழம்பு வைத்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் போய் உட்காருவாள். அட்டையில் எழுதித் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனாள். தூக்கம் வரவில்லை, நெஞ்சு அடிக்கிறது என்று பள்ளிக்கூட நர்சிடம் போனாள். அந்தப் பயத்துக்கு இங்கே ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். செலின் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். சோற்றுக்குக் கவலை இல்லாத இடத்தில் பிள்ளைக்கு வேறு கவலை வருகிறது என்று நான் நினைத்தேன்.

விமானத்தில் ஏறமாட்டேன் என்றாள். அவளை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் நாங்களும் ஊருக்குப் போகவில்லை. ஆறு வருஷம்.

ஒரு ஞாயிறு சாப்பிடும்போது சொன்னாள்.

"நாம மூணு பேரும் ஊருக்குப் போய்ட்டு வந்தா எவ்ளோ புகை தெரியுமாப்பா?"

"உங்க அத்தைய பாக்கப் போறது தப்பா?"

"தப்புன்னு நான் சொல்லல. கேளுன்னு சொல்றன்."

"போ, போயி உங்க அத்தைகிட்ட சொல்லு. ஒரு ஃபேனு, ஒரு டிவி. அதுவும் கரண்ட்டு இருந்தாதான். அவளா பூமிய சூடாக்குனா?"

"அத்த இல்லப்பா. ஆனா அத்தைக்குத்தான் மொதல்ல வரும்."

மோர் ஊத்து என்று செலினிடம் தட்டை நீட்டினேன்.

அப்படித்தான் இருந்தேன். பெண் பேசினால் ஒரே சத்தமாகக் கேட்கும். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ரயில் மாதிரி. முதல் மாதம் தூங்கவிடாது. அப்புறம் அது ஓடுவதே தெரியாது.

அக்காவும் பேசினாள். அவள் நடவுக்குப் போகிறவள். புருஷன் செத்து, பிள்ளை இல்லாமல், அப்பா கட்டிய வீட்டில் ஒரு செவலை மாட்டோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாவற்றையும் சொல்லுவாள்.

"இந்த வருசம் ரெண்டு வாட்டி நாத்து அழுவிப்போச்சிடா. ஐப்பசில கொளுத்துது, மாசில கொட்டுது. எப்ப நடறதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல."

"எப்பவும் இருக்கறதுதானக்கா."

"எப்பவும் இல்லடா."

"மாடு எப்படிக் கீது?"

மாட்டைக் கேட்டால் அவள் அதற்குப் போய்விடுவாள்.

இப்போது யோசிக்கிறேன். இரண்டு பேரும் ஒரே சேதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி படித்துவிட்டுச் சொன்னாள், ஒருத்தி சேற்றில் நின்று சொன்னாள். அந்தச் சேதியை இரண்டு பேரிடமும் கேட்ட ஆள் நான் ஒருவன்தான்.

4

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி. ஊரில் ஏழரை, இருட்டிவிட்டிருக்கும். ரெஜினா கையில் போனோடு அறையிலிருந்து வந்தாள்.

"அப்பா, மேல அணையத் தொறக்கறாங்களாம். ஆறு ஏறும். காத்தால பாகூர் பக்கம் வந்துடும். அத்தைய கெளம்பச் சொல்லு. ஸ்கூலுக்குப் போவச் சொல்லு."

"அங்க இருக்கறவங்களுக்குத் தெரியாதா? நீ இங்கேர்ந்து சொல்லணுமா?"

"தெரியாம இருக்கலாம்பா. கரண்ட்டு இருக்காது, டிவி இருக்காது. நான் சொன்னா சிரிப்பாங்க, நீ சொன்னாதான் கேப்பாங்க. நீ சொல்லு. இப்பவே."

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். பக்கத்தில் நின்றால் பிடுங்கிப் பேசுவாள், அக்காவைப் பயமுறுத்திவிடுவாள் என்று நினைத்தேன்.

"இன்னாக்கா, மழையாமே?"

"எம்மா மழடா! மூணு நாளா வுடல. செவல நின்ன எடத்துலயே நிக்கிது. மத்தியானமே கரண்ட்டு போச்சி."

"எத்தனாவது படி?"

"ரெண்டாம் படியத் தொட்டுக்கினு நிக்கிது."

"ரெண்டுதானே. மூணு தாண்டாதுக்கா."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"எதிர்வூட்டு கனகா வந்து கூப்புட்டா. எல்லாம் ஸ்கூலுக்குப் போறாங்களாம். போவட்டுமாடா?"

என்னைக் கேட்டாள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனை.

"மாட்ட இன்னா பண்ணுவ?"

"அதான் பாக்கறன்."

"அந்தக் கும்பல்ல போயி எங்க படுப்ப? ஒனக்குக் காலு வேற வலி. வூட்லயே இரு. ஒண்ணும் ஆவாது."

"செரி. நீ சொன்னா செரிதான். பாப்பா இன்னா பண்றா?"

"படிக்கறா."

"இப்பவாச்சும் கறி துன்றாளா?"

"இல்ல."

"வெறும் எலும்புதான்டா கீது. மீனாச்சும் குடு. நான் வைக்கறன், சார்ஜு போயிடும்."

நாலு நிமிஷம் பேசியதாகப் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை.

அணை என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. மறக்கவில்லை. நாக்கு வரைக்கும் வந்தது. ரெண்டாம் படி என்று அவள் சொன்னதும் உள்ளே போய்விட்டது. நாற்பது வருஷத்துப் படிக்கு முன்னால் பெண்ணின் போனில் வந்த சேதி சின்னதாகத் தெரிந்தது.

உள்ளே வந்தேன். ரெஜினா கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"அணையத் தொறக்கறாங்கன்னு?"

"சொன்னேன்டி."

"இன்னா சொன்னாங்க?"

"பாத்துக்கறேன்னு சொன்னா."

சண்டை வேண்டாம் என்று சொன்ன பொய். வேறு காரணம் இல்லை.

5

மறுநாள் காலை வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தேன். எதிர்வீட்டு கனகா போன் செய்தாள். அவள் கூப்பிட்டு நான் பேசியதில்லை. பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அண்ணா, அஞ்சலக்கா போயிட்டாண்ணா."

விடிகாலையில் தண்ணீர் ஒரே மூச்சில் ஏறியிருக்கிறது. கொல்லைப்பக்கம் மாட்டை அவிழ்த்துவிட இறங்கியிருக்கிறாள். கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அவளால் திரும்ப முடியவில்லை. கரும்புக் கொல்லை வேலியில் கிடந்தாள்.

"மாடு?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"மாடு ஏரிக்கரைல நிக்கிதுண்ணா."

என் நிறுத்தம் வந்தது. இறங்கினேன். கேன்டீனுக்குப் போய் ஏப்ரனைக் கட்டினேன். பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் தட்டு அடுக்கினேன். அப்புறம்தான் எங்களுக்கு மேலதிகாரியாக இருக்கிற அம்மாவிடம் சொன்னேன்.

சகோதரி செத்தால் மூன்று நாள் லீவு உண்டு. மீதி நாள் என் கணக்கில். திரும்பி வந்ததும் இறப்புச் சான்றிதழை பிரெஞ்சில் மாற்றிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ஆபீஸ் பெண் நல்ல பெண். வாசித்துவிட்டு முகம் வாடிப்போய்க் கேட்டாள்.

"மூழ்கியா? கடலிலா, நீச்சல் குளத்திலா?"

"வீட்டில்" என்றேன்.

நான் பிரெஞ்சு தப்பாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி மெதுவாகக் கேட்டாள். நானும் மெதுவாகச் சொன்னேன். வீட்டில்.

6

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ரெஜினா வருகிறேன் என்றாள். விமானத்தில் ஏறமாட்டேன் என்றவள், அத்தைக்காக வருகிறேன் என்று பையை எடுத்து வைத்தாள். பரீட்சை இருக்கிறது, நீ வேண்டாம் என்று நான்தான் நிறுத்தினேன். அங்கே கனகாவிடம் பேசிவிடுவாள். அந்தப் பயம்.

தண்ணீர் வடிந்து தெரு முழுக்கச் சேறு. வீட்டுச் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு. உள்ளே காலண்டர் பாதி வரைக்கும் ஊறி, மேல்பாதி மட்டும் புதிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கனகா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் நின்றோம்.

"ரெண்டாம் படின்னுதானே சொன்னா" என்றேன்.

"ஆமாண்ணா. நான் கூப்புட வந்தப்ப இந்தா, இதுலதான் நின்னுச்சி."

காலால் தொட்டுக் காட்டினாள். அதற்கு மேலே ஒரே ஒரு படிதான் இருந்தது. அதற்கு மேலே வாசல்.

எண்ணினேன். மூன்று. மறுபடி கீழிருந்து எண்ணினேன். மூன்றுதான்.

"மீதி ரெண்டு எங்க?"

கனகா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ரோட்டுக்குக் கீழ கீதுண்ணா. பழய ரோட்டப் பேத்தெடுக்காம மேல மேல போட்டுட்டுப் போறாங்க. எங்க வூடு இப்ப தெருவவிடப் பள்ளம். ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் பரவாயில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்தபோதே பார்த்தேன். படி கம்மியாயிடுச்சேக்கா என்று நானே சிரித்தேன். கெழவிக்கு ஏற சுளுவுடா என்று அவளும் சிரித்தாள். கண்ணால் பார்த்தேன், வாயால் சொன்னேன், தலைக்குள் ஐந்து படி அப்படியே இருந்தது.

அவளுடைய முதல் படி என்னுடைய மூன்றாம் படி. அவள் இரண்டு என்றபோது தண்ணீர் அப்பா வைத்த நாலாம் படியில் நின்றிருக்கிறது. நாற்பது வருஷமாகத் தாண்டாததை அப்போதே தாண்டிவிட்டது. அதற்கப்புறம்தான் நான் மூணு தாண்டாது என்று சொன்னேன்.

"நான் ரெண்டு வாட்டி கூப்புட்டண்ணா" என்றாள் கனகா. "மொத வாட்டி, தம்பிய கேட்டுட்டு வரன்னா. ரெண்டாவது வாட்டி, தம்பி சொல்லிட்டான், நீ போடி, வந்துட்டா பெருசான்னு சிரிச்சா. தண்ணி அவ காலுகிட்ட நிக்கிது. நீ எங்கியோ கீற. ஆனா ஒன் பேச்சத்தான் கேட்டா."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

காப்பி டம்ளரை அந்த இரண்டாம் படியில் வைத்தேன்.

அணையைப் பற்றி அவளிடமும் நான் சொல்லவில்லை.

7

நான் திரும்பி வந்த பிறகு ரெஜினா மாறிவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் சத்தம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், அவ்வளவுதான். அலமாரிக்குப் பின்னால் அவள் செருகி வைத்திருந்த அட்டைகளைக் காணோம். குப்பைக்குப் போய்விட்டது. தூக்கம் நன்றாக வருகிறது என்றாள்.

ஒரு ஞாயிறு செலின் கோழி வறுத்திருந்தாள். ரெஜினா இரண்டு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டாள். செலினுக்கு அழுகை வந்துவிட்டது. பொண்ணு சரியாயிட்டா என்று சமையலறையில் என் காதில் சொன்னாள்.

நான் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பசிக்குச் சாப்பிடுகிற மாதிரி இல்லை.

"கூட்டத்துக்கெல்லாம் போவலியா இப்ப?" என்று கேட்டேன். ஆறு வருஷத்தில் நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எதுக்குப்பா?"

"இல்ல, போவியே."

"நான் ஒன்கிட்ட சொன்னன். நீ நம்புன. அத்தைகிட்ட சொன்ன. அத்தைக்கு ஒன்மேல எவ்ளோ பாசம். அவங்களே கேக்கல. அப்பறம் யாருகிட்ட போயி நான் இன்னா சொல்றது?"

எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"சொல்லி ஒண்ணும் ஆவாதுப்பா. நான் சின்னப்புள்ள மாதிரி நம்பிக்கினு இருந்தன்."

வாயைத் திறந்தேன். செலின் பாத்திரத்தோடு வந்தாள். மூடிக்கொண்டேன்.

சொன்னால் என் பெண் என்னைவிட்டுப் போவாள். சொல்லாவிட்டால் அவள் இப்படியே உட்கார்ந்து கோழி தின்பாள். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறாகத் தள்ளினேன். அடுத்த வாரம் சொல்லலாம். பரீட்சை முடியட்டும். செலினுக்குக் காய்ச்சல் விடட்டும். இதில் நான் கெட்டிக்காரன்.

8

வருஷ நாளை அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொண்டோம். அக்கா படத்துக்குப் பூ வைத்தோம். பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்கினது, முகம் கொஞ்சம் கலங்கி இருக்கும். செலின் மெழுகுவத்தி எடுத்து வந்தாள். தீப்பெட்டி தேட ரெஜினா இழுப்பறையைத் திறந்தாள். மேரி அனுப்பிய காகிதம் கையில் வந்தது.

நின்றபடியே நாலு பக்கமும் படித்தாள். மறுபடி மடித்தாள்.

"இதையும் உள்ள வச்சிட்டியாப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். சும்மா சொன்னாள். காகிதத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள். பில்லுக்கு அடியில், ஓரம் சரி பண்ணி. இழுப்பறையைச் சாத்தினாள். அப்படியே நான் செய்வது மாதிரி.

அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"நான் சொல்லலடி" என்றேன்.

"இன்னா சொல்லல?"

"அன்னிக்கு அத்தைகிட்ட. அணையப் பத்தி சொல்லல. கெளம்புன்னு சொல்லல. போவட்டுமான்னு அவதான் கேட்டா. வூட்லயே இருன்னு சொன்னேன்."

செலின் கையில் தீக்குச்சி எரிந்து விரல் வரைக்கும் வந்தது. உதறினாள்.

படியைப் பற்றியும் சொன்னேன். ஐந்து, மூன்று, ரோடு எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சாக்கு மாதிரியே இருந்தது. நிறுத்தினேன்.

ரெஜினா நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரெஞ்சில் கத்துவாள் என்று காத்திருந்தேன். தமிழில்தான் பேசினாள்.

"சொன்னியான்னு ரெண்டு வாட்டி கேட்டனேப்பா."

"பொய் சொன்னேன்."

"ஒரு வருசமா எனக்கு அத்தமேல கோவம். தெரியுமா ஒனக்கு? செத்துப்போனவங்கமேல. இந்தப் போட்டோவ பாக்கறப்பல்லாம், ஏன் கெளம்பல, ஏன் நாங்க சொன்னத கேக்கல, அப்படின்னு திட்டிக்கினே இருந்தன். அவங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லியா?"



எழுந்து படத்தின் முன்னால் போய் நின்றாள். மன்னிச்சிக்க அத்த என்றாள். மேல்கோட்டை எடுத்துக்கொண்டாள். சாப்பிடாமல் போகாதே என்று செலின் பின்னாலேயே படி வரைக்கும் போனாள். கீழே கதவு சாத்துகிற சத்தம் மூன்றாவது மாடிக்குக் கேட்டது.

செலின் வந்து தட்டுகளை எடுத்தாள். மூன்று தட்டு, மூன்றும் சுத்தமான தட்டு. அவற்றையும் கழுவினாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ரெஜினா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் மெசேஜ்.

இதற்கு நடுவில் ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளியே இருக்கிற எங்களைக் கேட்காதீர்கள். எங்கள் தலைக்குள் இருப்பது நாங்கள் கிளம்பிய அன்றைய ஊர். அதில் ரோடு போடவில்லை. அதில் மழை அதன் மாதத்தில்தான் பெய்கிறது. பாசத்தில் நாங்கள் தைரியம் சொல்வோம். அந்தத் தைரியம் எங்களுக்காக. வாசலில் தண்ணீர் நின்றால் எதிர்வீட்டுக் கனகாவின் பேச்சைக் கேளுங்கள்.

9

போன வாரம் இங்கே நாலு நாள் மழை. வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் பளபளத்தது. ஆறு அங்கே தெரியாது, தெரியக்கூடாது. எல்லார் போனிலும் மேரி சேதி அனுப்பியது. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு போர்ச்சுகல்காரர் தனியாக இருக்கிறார். பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம். இருபது வருஷத்தில் அவ்வளவுதான் பழக்கம்.

கதவைத் தட்டினேன். வீட்டுச் செருப்போடு வந்தார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் மெஸ்யூ, போங்கள், பள்ளிக்கூடம் என்றேன். எனக்கு அவ்வளவுதான் வரும்.

அவர் சிரித்தார். என் தோளில் தட்டினார். அவர் பிரெஞ்சும் என்னுடையது மாதிரிதான், அதனால் புரிந்தது. முப்பத்தைந்து வருஷமாக இங்கே இருக்கிறேன். தண்ணீர் சைக்கிள் நிறுத்தும் இடம் வரைக்கும்தான் வரும். அதைத் தாண்டி வந்ததே இல்லை. கையைத் தாழ்த்தி உயரம் காட்டினார். முழங்காலுக்குக் கீழே.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பிரெஞ்சில் வார்த்தை இல்லை. தமிழிலும் இருந்ததில்லை.

ரெஜினாவைக் கூப்பிட்டேன். எடுக்கமாட்டாள் என்று தெரியும். அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். கடைசி மணியில் எடுத்தாள்.

"இன்னா?" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

"கீழ்வூட்டுக்காரர் கெளம்பமாட்டேங்கறார். எப்பவும் சைக்கிள் வரைக்கும்தான் வருமாம். எனக்கு சொல்லத் தெரியல. நீ சொல்லு. நான் போன நீட்டிப் புடிச்சிக்கறன்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஸ்பீக்கர் போடு" என்றாள்.

போட்டேன். கையை நீட்டி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவள் பேச ஆரம்பித்தாள். முதலில் குரல் கரகரத்தது. அப்புறம் சரியாகிவிட்டது. அவள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆறு, சாயங்காலம், சைக்கிள் என்று நடுநடுவே பிடிபட்டது. அவர் குறுக்கே ஏதோ கேட்டார். பதில் சொன்னாள். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாள். ஓரிடத்தில் அத்தை என்று தமிழ்ச் சொல் வந்தது. அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை. கை வலித்தது. மாற்றிப் பிடிக்கவில்லை.

அவர் தெருக்கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. டிவி நின்றது.

"போறாரா?" என்று ரெஜினா கேட்டாள்.

"தெரியல. உள்ள போயிக்கிறார்."

"வெளிய வர வரைக்கும் அங்கயே நில்லு."

"நிக்கறன்."

"மேல போயிடாத."

"போவல."

வைத்துவிட்டாள்.

போன் வெளிச்சம் அணைவதற்கு முன்னால் பார்த்தேன். அவள் பெயருக்குக் கீழே எவ்வளவு நேரம் பேசினோம் என்று போட்டிருந்தது. நாலு நிமிஷம்.